கம்மாய்க்குள்ள ஒரு மூடுன டப்பா

உங்க போனைப் புடுங்கி ஒரு மரப்பொட்டியில போட்டுப் பூட்டிட்டு, "இப்ப இந்த லேப்டாப்புல நெட்டு வர வைங்க பாப்போம்"னு சொன்னா என்ன பண்ணுவீங்க? நான் முழிச்சேன். சிவகாசி பக்கத்துல ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸ் ரூம்ல, மூணு லேப்டாப்புக்கு முன்னாடி, இன்ஜினியரிங் முடிச்ச மூஞ்ச வச்சுக்கிட்டு, நல்லாவே முழிச்சேன்.

மொதல்லருந்து சொல்றேன். நாங்க கொஞ்சம் பேரு சேந்து "கம்மாய்"னு ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பண்றோம். உருட்டு இல்ல, நெஜமாவே. லினக்ஸ் மேல கட்டுனது, மெனு பூரா தமிழ், பழைய மிசின்லயும் ஓடும். கம்மாய்னா தெக்கத்தி ஊருல பொது ஏரி. அது மாதிரி இதுல உள்ள எல்லா சாப்ட்வேரையும் யாரு வேணா தொறந்து பாக்கலாம், மாத்தலாம், பக்கத்து வீட்டுக்கு காப்பி போட்டுக் குடுக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு காட்டாத மூடுன சாப்ட்வேர் ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது. இதுக்கு ஓட்டெடுப்பு வச்சு ரூலே போட்டிருக்கோம். அந்தச் சண்டையில ஜாஸ்தி கத்துனது கதிர், இதை ஆரம்பிச்சவன். அதுக்கு அடுத்த எடம் எனக்கு.

பேரு வச்சது ஜெயராணி. சிவகாசிக்காரி, என் வயசுதான். பட்டாசு கம்பெனியில பேக்கிங் செட்டுல வேலை. பாலிடெக்னிக் முடிச்சவ. எங்க மெனுவுல பாதிய தமிழ்ல மாத்துனது அவதான், அதுவும் போன்லயே டைப் பண்ணி. சொந்தமா லேப்டாப்பு கெடையாது.

அவகிட்டருந்து ஒரு நாள் கால். "நிவி, எங்க அண்ணாச்சி லேபிள் டிசைனை இனிமே கம்பெனிக்குள்ளயே பண்ணிருவோம்னு சொல்லிட்டாரு. செகண்ட்ல மூணு லேப்டாப்பு வாங்கி வச்சிருக்காரு. நான் கம்மாயில டிசைன் போட்டுக் காட்டுறேன்னு வாய விட்டுட்டேன். வெள்ளிக்கெழம இங்கேருந்தே பிரஸ்ஸுக்கு பைலு போகணும். போச்சுன்னா அந்த டிசைன் சேரு எனக்கு. இல்லைன்னா மறுபடி செட்டுதான். நீ வர முடியுமா?"

சென்னைய விட்டு தெக்க திருச்சி தாண்டுனதே இல்ல நான். கெளம்பிட்டேன்.

சாத்தூர்ல எறங்குன ஒடனே மொத பல்பு. பஸ் ஸ்டாண்டுல ஒரு வண்டி ஃபுல்லா நின்னுச்சு. "சிவகாசியாண்ணே?"ன்னேன். கண்டக்டர் தலைய ஆட்டுனாரு. அது ஆமாவா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஏறுனப்புறம்தான் பாக்குறேன், பஸ்ஸுல பாதி ஜனம் மஞ்சச் சேலை, மடியில ஒரு மொட்டைக் கொழந்த, காலுக்கடியில ஒரு ஆடு. ஆடு என் ஷூ லேஸை திங்குது.

"சிவகாசிக்கு இன்னும் எம்புட்டு தூரம்க்கா?"ன்னு பக்கத்து அக்காகிட்ட கேட்டேன்.

"சிவகாசியா? அது அங்கிட்டு. இது இருக்கன்குடி போகுது."

பின் சீட்டுலருந்து ஒரு குரல்: "வந்தது வந்துட்ட, ஆத்தாளை ஒரு எட்டு பாத்துட்டுப் போ. கூப்புடாம யாரும் இங்கன வரமாட்டாக."

முன் சீட்டு ஆளு திரும்பிப் பாத்து, "ஆத்தா கூப்புடல, கண்டக்டருதான் கூப்புட்டான்"னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. ஆட்டத் தவிர.

சரின்னு மாரியம்மன் கோயில்ல எறங்கி, கும்புட்டு, அந்த அக்கா பாக்ஸ்லருந்து எடுத்து வச்ச புளிச்சோறத் தின்னுட்டுத் திரும்புனேன். சென்னையில தப்பான பஸ் ஏறுனா திட்டு வாங்கலாம். புளிச்சோறெல்லாம் கெடைக்காது. திரும்பி வந்து சாத்தூர்ல காராச்சேவு ஒரு பாக்கெட்டு வாங்கி, சிவகாசி போறதுக்குள்ள காலி பண்ணிட்டேன். மெட்ராஸ்ல அதே பேருல விக்கிறானுங்களே, அது என்ன வஸ்துன்னு விசாரிக்கணும்.

மறுநாள் காலைல கம்பெனி கேட்டு. அங்கதான் ரெண்டாவது பல்பு.

வாட்ச்மேன் மாரிச்சாமி அண்ணே மேலருந்து கீழ பாத்தாரு. "இது என்ன துணி?"

கம்மாய் லோகோ போட்ட டீ-ஷர்ட்டு. எங்க குரூப்புல எல்லாருகிட்டயும் இருக்கு, செம கெத்தா இருக்கும். "பாலியெஸ்டருண்ணே"ன்னேன்.

"அப்ப உள்ள போக முடியாது. காட்டன்தான்."

"ஆபீஸ் ரூமுக்குத்தாண்ணே போறேன். மருந்து பக்கமே வரமாட்டேன்."

"எந்த ரூமா இருந்தாலும் கேட்டுக்கு உள்ளதானம்மா இருக்கு? பாலியெஸ்டரு ஒரசுனா பொறி வரும். இங்கன பொறின்னா என்னன்னு தெரியும்ல?"

தெரியும். வாய மூடிக்கிட்டேன். ஜெயராணி உள்ளருந்து ஒரு காட்டன் சட்டைய எடுத்துட்டு வந்தா. பொம்பளைங்க எல்லாரும் சேலைக்கு மேல ஆம்பள சட்ட போட்டுக்கிட்டுத்தான் அங்க வேலை பாக்குறாங்க. நேர்ல அவள அன்னைக்குத்தான் பாக்குறேன். மொத வார்த்த என்ன தெரியுமா? "என்ன பிள்ள, போட்டோவுல ஒசரமா இருந்த?"

செருப்பக் கழட்டச் சொன்னாங்க. ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும்னு ஒரு செம்புத் தகட்டத் தொடச் சொன்னாங்க. அப்புறம் மரப்பொட்டி. தீப்பெட்டி, லைட்டர், போன் எல்லாம் அதுக்குள்ள. யாரா இருந்தாலும். மொதலாளியோட போனும் அதுலதான் கெடந்துச்சு, கண்ணால பாத்தேன். என் பென் டிரைவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இதுல தீ பத்தாதுல்ல?"ன்னாரு மாரிச்சாமி அண்ணே. ஆன் பண்ற பட்டனே இல்லைன்னு காட்டுனப்புறம்தான் விட்டாரு.

மொதலாளிய எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்புடுறாங்க. வெள்ள வேட்டி, வெறுங்காலு. "மெட்ராஸ்லருந்து வந்திருக்கீக, சாப்பிட்டீகளா?"ன்னு கேட்டாரு. ஆச்சுன்னதும் நேரா மேட்டருக்கு வந்தாரு. "பாருங்கம்மா, இந்த ஊருல பிரஸ்காரவுக அம்புட்டு பேரும் வேற ஒரு சாப்ட்வேருதான். கம்ப்யூட்டர் டீலரு, அத கிராக்கு பண்ணிப் போட்டுத் தாரேன், ஓட்டுறதுக்கு ஆளும் தாரேங்கான். நான்தான், நம்ம ஜெயராணி கேக்குதே, ஒரு வாட்டி பாப்போம்னு நிறுத்தி வச்சிருக்கேன். வெள்ளிக்கெழம வரைக்கும்."

கிராக்குன்னா புரியுதுல்ல? மூடுன சாப்ட்வேரு, அதுவும் பூட்ட ஒடச்சு. இதுக்கு எதுராத்தான நாங்க கம்மாயே வெட்டுனோம்! ஒரு மணி நேரத்துல முடிச்சுரலாம்னு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு ஒக்காந்தேன். இன்ஸ்டால் வெண்ணெயா போச்சு. மெனு தமிழ்ல வந்துச்சு, ஜெயராணி அவ போட்ட வார்த்தைங்கள தடவிப் பாத்தா. அப்புறம் வைஃபைய கிளிக் பண்ணேன்.

வைஃபையே இல்ல. ஆஃப்ல இருக்குன்னு இல்ல, அப்படி ஒரு ஐட்டமே அந்த மிசின்ல இல்லாத மாதிரி காட்டுது.

சட்டுனு புரிஞ்சுருச்சு. வைஃபை சிப்பு தானா ஓடாது. அதுக்குள்ள போயி ஒக்கார ஒரு குட்டி புரோகிராம் வேணும், ஃபர்ம்வேருன்னு சொல்லுவாங்க. சிப்பு கம்பெனி அத சும்மாதான் குடுக்குறான், ஆனா உள்ள என்ன இருக்குன்னு காட்ட மாட்டான். மூடுன டப்பா. நாங்க ரூல் போட்டு வெளிய நிறுத்தி வச்சிருக்கோமே, அதே டப்பா. என் லேப்டாப்புல இருக்கறது பழைய சிப்பு, டப்பா கேக்காது. அதனால நான் மூணு வருசமா "ஃபர்ம்வேரெல்லாம் எதுக்கு, எனக்கு ஓடுதே"ன்னு கெத்தா சுத்திக்கிட்டிருந்தேன்.

இப்படி மாட்டுனா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? போன கேபிள்ல மாட்டி, அதுலருந்து நெட்டு எடுத்து, டப்பாவ டவுன்லோடு பண்ணிக்குவாங்க. ரெண்டு நிமிச வேலை. என் போனு மரப்பொட்டிக்குள்ள. லேன் வயரு சொருகலாம்னா இந்த ஒல்லி லேப்டாப்புல ஓட்டையே கெடையாது. அதுக்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கி, அண்ணாச்சி ரூம்ல இருக்குற வைஃபை பொட்டியிலருந்து வயரு இழுத்துரலாமான்னு அவர்கிட்ட கேட்டேன்.

"புதுசா ஒரு வயரு போனாலும் இன்ஸ்பெக்சன்ல கேப்பாகம்மா"ன்னாரு. அவ்ளோதான்.

ஜெயராணி, "நானும்தான வேணாம்னு ஓட்டுப் போட்டேன்"னா.

"ஆமா, நீயும்தான் போட்ட."

"அப்ப எங்கிட்ட லேப்டாப்பே இல்லையே. இல்லாதவளுக்குக் கொள்கை பேசுறது ஈசி பிள்ள."

சிப்பு பேர கையில பேனாவால எழுதிக்கிட்டு வெளிய வந்தேன். போன வாங்கிட்டு, கேட்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை பெஞ்சுல ஒக்காந்தேன். டவுன்லோடு பண்ணி, போன்லயே பென் டிரைவ மாட்டி ஏத்திக்கிட்டு, திரும்ப செருப்பு, தகடு, மரப்பொட்டி. உள்ள போயிப் போட்டா வேற வெர்சன் கேக்குது. மறுபடி வெளிய. டீக்கடைக்காரரு, "என்னம்மா, மாமியா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்குமா அலையுற மாதிரி அலையுற?"ன்னாரு. மூணாவது வாட்டி வர்றப்ப மாரிச்சாமி அண்ணே என் போன பொட்டியில போடாம கையிலயே வச்சிருந்தாரு. "எப்படியும் இப்ப வருவீகல்ல?"

இந்தத் தடவ ஓடுச்சு. மூணு மிசின்லயும் வைஃபை லிஸ்ட் வந்துச்சு. நான் எந்திரிச்சு ஆடுனேன், காட்டன் சட்ட முட்டி வரைக்கும் தொங்க. ஜெயராணி ஆடல.

"நீ விருந்தாளி, அதான் வெளிய உள்ள விட்டாரு. நான் வேலைக்கு வந்தவ. உள்ள நொழைஞ்சா சாயங்காலம்தான் வெளிய. நாளப்பின்ன இன்னொரு மிசின்ல போடணும்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஏ, இன்னைக்கு ஓடுதுல்ல. மொதல்ல வெள்ளிக்கெழமயப் பாப்போம்"னேன்.

வெள்ளிக்கெழம. பூசை முடிஞ்சு எல்லா டேபிளுக்கும் சந்தனம் வச்சாங்க, லேப்டாப்பு மூடி மேலயும் ஒரு பொட்டு. ஜெயராணி போட்டது புஸ்வாணப் பொட்டிக்கு லேபிளு. செவப்பு பேக்ரவுண்டு, நடுவுல ஒரு பறவை, வாலு அப்படியே புஸ்வாணமா விரியுது. எனக்கு அந்தக் கை வராது, ஒத்துக்குறேன். பொட்டிக்குப் பின்பக்கம் வர வேண்டிய எழுத்தத்தான் அவ ரொம்ப நேரம் நோண்டிக்கிட்டிருந்தா. உள்ள என்ன இருக்கு, எம்புட்டு தூரத்துல நிக்கணும், எப்படிப் பத்த வைக்கணும்.

"இத யாருடி படிக்கப் போறா?"ன்னேன்.

"படிக்கிறாகளோ இல்லையோ, எழுதாம பொட்டி வெளிய போகக் கூடாது."

அண்ணாச்சி பின்னாடி நின்னாரு. ஜெயராணி பைல பிரஸ்ஸுக்கு அனுப்புனா. கொஞ்ச நேரத்துல லேண்ட்லைன் அடிச்சுச்சு, பிரஸ்காரரு. அண்ணாச்சி ஸ்பீக்கர்ல போட்டாரு.

"பைலு வந்துருச்சு அண்ணாச்சி. சைசு எல்லாம் கரெக்டு. மயிலு நல்லாருக்கு, கழுத்துதான் கொஞ்சம் தடியாத் தெரியுது."

"அது மயிலு இல்லண்ணே, சேவலு"ன்னா ஜெயராணி.

"சேவலா? அப்ப ரொம்ப நல்லாருக்கு."

அண்ணாச்சி சிரிச்சாரு. ஆனா சேர ஒடனே குடுக்கல. "ஆனைக்குட்டம் பக்கம் நம்ம இன்னொரு யூனிட்டு இருக்குல்ல, அங்கனயும் ரெண்டு லேப்டாப்பு கெடக்கு. வேற மாடலு. சீசனு ஆர்டரு அங்கதான் ஜாஸ்தி. அங்கயும் ஒரே நாளுல நீயே போட்டு ஓட்டிக் காமி. மெட்ராஸ் பிள்ளைய எத்தன வாட்டி கூப்புடுறது? ரெண்டு எடத்துலயும் ஓடுச்சுன்னா பேக்கிங்லருந்து உம் பேர எடுத்துருவோம். இல்லாட்டி டீலரு ஆளு வரட்டும். என்ன தாயி?"

"சரி அண்ணாச்சி"ன்னுட்டா. வேற என்ன சொல்லுவா? அந்த யூனிட்டுலயும் அதே ரூலு, அதே மரப்பொட்டி. காலைல உள்ள போனா சாயங்காலம்தான் போன். வேற மாடல்னா வேற சிப்பு, என்ன சிப்புன்னு தொறந்து பாக்குற வரைக்கும் தெரியாது. டப்பா கம்மாய்க்குள்ளயே இருந்தா பிரச்சன இல்ல. இல்லைன்னா அவ அங்க முழிக்கணும், நான் முழிச்ச மாதிரி.

அன்னைக்கு சாயங்காலம் ஊருக்குத் திரும்ப விருதுநகர் வந்தோம், அவளும் வழியனுப்ப வந்திருந்தா. எண்ணெய் பரோட்டா சாப்ட்டோம். எண்ணெயில முங்கப் போட்டு பொரிச்சு எடுக்குறாங்க, முறுக்கு மாதிரி ஒடையுது, சால்னாவ ஊத்துனா அப்படியே எறங்குது. சென்னையில குடுக்குறத இனிமே பரோட்டான்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதுல ரெண்ட முழுங்கிட்டு கதிருக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டேன்.

"ஃபர்ம்வேர உள்ள வைக்கணும்டா."

"நீயா பேசுற? ரூல் போட்டப்ப நீ என்ன கத்து கத்துன!"

"கத்துனேன். இப்ப இங்க வந்து பாத்துட்டேன்."

"ஒரு டப்பாவ விட்டா அடுத்து டிஸ்ப்ளே டிரைவர் கேப்பாங்க, அப்புறம் வேற ஏதாவது கேப்பாங்க. அதுக்குள்ள ஒரு ஓட்டை இருந்தா நம்மளால அடைக்க முடியுமா? யாரு மிசினையாவது வேவு பாத்தா நம்மளால கண்டுபிடிக்க முடியுமா? உள்ள இருக்கறத பாக்க முடியாதத உள்ள வச்சுட்டு அதுக்கு கம்மாய்னு பேரா?"

அவன் சொல்றது தப்பே இல்ல. அதான் கடுப்பு.

ஜெயராணி போன இழுத்துக்கிட்டா. "கதிரு, நீ சொல்றது சரி. ஆனா இப்ப என்ன நடக்கும் தெரியுமா? ஒத்த டப்பா வேணாம்னு நீ நிப்ப, அங்கன டீலரு வந்து மிசின் பூரா டப்பாவா போட்டுட்டுப் போவான். நான் செட்டுக்குப் போயி சேவல் பொட்டியில டேப்பு ஒட்டிக்கிட்டு இருப்பேன்."

கதிரு, "வேணா நிவி உனக்கு மட்டும் தனியா ஒரு காப்பி பண்ணிக் குடுக்கட்டும். ஃபர்ம்வேரோட. யாருக்கும் தெரிய வேணாம்"னான்.

"அது எதுக்குத் திருட்டுத்தனமா? கிராக்குக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? கம்மாய்னு பேரு வச்சவ நானு. வெளிய எல்லாருக்கும் குடுக்குற கம்மாய் எதுவோ அதத்தான் போடுவேன். ஓட்டு வைங்க. வேணாம்னு வந்தா அப்படியே கொண்டு போயி போடுறேன், ஓடலைன்னா ஓடல."

அந்த எடத்துலதான் எனக்கு லேபிள் மேட்டர் உறைச்சுச்சு. டப்பாவ உள்ள வைப்போம், ஆனா எழுதி ஒட்டாம வைக்க மாட்டோம். இன்ஸ்டால் பண்றப்ப ஒரு முழு ஸ்கிரீன். கம்மாய் சாப்ட்வேரோட கலக்காம தனி ரூம்ல டப்பா. கேட்டுட்டுத்தான் தொறக்கும். எழுத்து ஜெயராணி பாத்துக்குறேன்னா, அங்கயே சால்னா கையத் தொடச்சுட்டு என் போன்ல டைப் பண்ணா:

"இதுல ஒரு மூடுன டப்பா இருக்கு. வைஃபை சிப்பு செஞ்ச கம்பெனி குடுத்தது. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கும் தெரியாது, எங்களால திருத்தவும் முடியாது. இது இல்லாட்டி இந்த மிசின்ல வைஃபை ஓடாது. போடவா, வேணாமா?"

"'வேணாம்' பட்டன் பெருசா இருக்கணும்"னான் கதிரு.

"ரெண்டும் ஒரே சைஸு"ன்னா இவ.

பக்கத்து டேபிள் அண்ணன் ஒருத்தரு இவ்ளோ நேரமா கேட்டுக்கிட்டிருந்திருக்காரு. "என்ன கம்மாய்மா அது, எந்த ஊரு பக்கம்? தண்ணி கெடக்கா?"ன்னாரு. கெடக்குண்ணேன்னேன்.

ஊருக்கு வந்து ஸ்கிரீன செஞ்சேன், டெஸ்ட் பண்ணேன், குரூப்புல ஓட்டுக்கு விட்டேன். ரெண்டு நாளா ஒரே அடிதடி. என்னைய ஒருத்தன் "விலை போயிட்டா"ன்னு எழுதிருக்கான். யாரு வாங்குனாங்கன்னு கேட்டிருக்கேன். வேணாம்னு ஓட்டுப் போட்ட ஒரு பொண்ணு, லேபிள் எழுத்தப் படிச்சுட்டு மாத்திப் போட்டுச்சு. வேணும்னு போட்ட ஒருத்தன், கதிர் எழுதுன பதிலப் படிச்சுட்டு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் தாவிட்டான். ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல.

ஜெயராணி நாளைக்குக் காலைல ஆனைக்குட்டம் யூனிட்டுக்குப் போறா. இன்னைக்கு ராத்திரி ஓட்டு முடியிறப்ப எது ஜெயிக்குதோ அதத்தான் பென் டிரைவ்ல ஏத்துவா. இப்ப வரைக்கும் ரெண்டு பக்கமும் சமம். கதிரு இன்னும் போடல. ஆன்லைன்லதான் இருக்கான்.